கிட்னிக்கும் ஒரு ட்ரோபோனின் இருக்கிறதா?

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றியவை. இதயத்துக்கு பைபாஸோ ஆஞ்சியோவோ செய்துகொண்ட பிறகு கிட்னி படுத்துவது பற்றி. மூட்டுவலிக்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் முறை அடுத்த இதழில்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பைபாஸுக்கு முந்தைய நாள் கிரியேட்டினின் 1.1. ஆபரேஷனுக்கு மறுநாள் 1.0, ‘கிட்னி அருமையாக இருக்கிறது’ என்றார்கள். மூன்றாம் நாள் 2.3, ‘கிட்னி அடிபட்டிருக்கிறது’ என்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது? யாராவது தப்பு செய்துவிட்டார்களா? முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லையா? (வாசகர், திருச்சி)

பதில்: நடுவில் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை. அடி ஆபரேஷன் மேஜையிலேயே விழுந்திருக்கும், செய்திதான் தாமதமாக வந்திருக்கிறது. சாக்கடை அடைத்துக்கொண்ட அன்றே தண்ணீர் வாசலுக்கு வந்துவிடுமா என்ன? கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, கிட்னி அதை வெளியே தள்ளுகிறது, தள்ள முடியாமல் போனால் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேரும், அது ரிப்போர்ட்டில் தெரிய ஒரு நாள், இரண்டு நாள் ஆகிவிடும். அதோடு கிட்னிக்குக் கையிருப்பு அதிகம். வேலைத்திறனில் பாதி போன பிறகும் அந்த எண் நார்மல் வரம்புக்குள்ளேயே இருக்கலாம். அப்பாவுக்கு 1.1 என்பது 1.0 ஆகக் குறைந்ததே, அதைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. ஆபரேஷனின்போது பம்ப்பிலும் (இதய-நுரையீரல் இயந்திரம்) ட்ரிப்பிலும் ஏற்றிய திரவத்தில் ரத்தம் நீர்த்துப் போயிருக்கும், சாம்பாரில் தண்ணீர் விட்டால் உப்பு குறைந்த மாதிரி தெரிவதுபோல.

தப்பா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்தம் ஓடும்போது சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைகின்றன, உடலெங்கும் அழற்சி கிளம்புகிறது, ரத்த அழுத்தமும் ஏறி இறங்கும். கிட்னியின் உள்பகுதியோ சாதாரண நாளிலேயே அரைகுறை ஆக்சிஜனில் காலம் தள்ளுவது. அதனால் முதல் அடி அங்கேதான் விழும்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. மாரடைப்பு என்றால் ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை சில மணி நேரத்தில் சொல்லிவிடுகிறதே, அதுபோல கிட்னிக்கு ஒன்று வேண்டும் என்று பல வருடங்களாகத் தேடுகிறார்கள். அதில் அதிகம் பேசப்பட்டது என்.ஜி.ஏ.எல். என்கிற புரதம். கிட்னியின் நுண்குழாய்ச் செல்கள் காயப்பட்டால் அதை அள்ளி வீசுகின்றன. 2005-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி மருத்துவர்கள் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதய ஆபரேஷன் செய்த 71 குழந்தைகளில் 20 பேருக்குக் கிட்னி பாதித்தது. கிரியேட்டினின் அதைச் சொல்ல 1 முதல் 3 நாள் எடுத்தது, என்.ஜி.ஏ.எல். ஆபரேஷன் முடிந்த 2 மணி நேரத்திலேயே ரத்தத்திலும் சிறுநீரிலும் எகிறிவிட்டது. படித்தபோது எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை.

அப்புறம் பெரியவர்களிடம் சோதித்தார்கள், சுருதி இறங்கிவிட்டது. அந்தக் குழந்தைகளுக்கு சர்க்கரை கிடையாது, 20 வருட பி.பி. கிடையாது. உங்கள் அப்பா வயதுக்காரர்களுக்கு அதெல்லாம் இருக்கும். இந்தப் புரதத்தை வெள்ளையணுக்களும் சுரக்கின்றன, அதன் பெயரில் உள்ள ‘என்’ நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவைக் குறிப்பதுதான். ஆக, நிமோனியா வந்தாலும் ஏறும், ஏற்கெனவே நாள்பட்ட கிட்னி நோய் இருந்தாலும் கூடுதலாகவே இருக்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 டிசம்பரில்தான் ஒரு என்.ஜி.ஏ.எல். பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. அதுவும் 3 மாதக் குழந்தை முதல் 21 வயது வரை மட்டும், அதுவும் ரத்தத்தில் இல்லை, சிறுநீரில். 18 வருடம் கழித்து மறுபடி குழந்தைகளிடமே வந்து நின்றிருக்கிறது!

கேள்வி: நான் ஐ.சி.யு. நர்ஸ். சிறுநீரில் செய்யும் புதிய பரிசோதனை ஒன்று கிட்னியைக் காப்பாற்றுகிறது என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். உண்மையா? (வாசகி, கோவை)

பதில்: பரிசோதனை எதையும் காப்பாற்றாது தங்கச்சி, அதைப் பார்த்துவிட்டு யாராவது எதையாவது செய்தால்தான் உண்டு. உங்களுக்குச் சொன்னது டிம்ப்-2, ஐ.ஜி.எஃப்.பி.பி.7 என்ற இரண்டு புரதங்களைச் சேர்த்து அளப்பதாக இருக்கும். 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜெர்மனியின் ம்யூன்ஸ்டர் நகரில் இதய ஆபரேஷன் முடிந்தவர்களில் இந்த எண் கூடுதலாக இருந்த 276 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொன்றுக்கு ரத்த ஓட்டத்தை நெருக்கமாகக் கண்காணித்து சரிசெய்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, கிட்னிக்கு ஆகாத மருந்துகளைத் தவிர்ப்பது என்று ஒழுங்கான கவனிப்பு. 2017-ல் வெளியான முடிவு: கிட்னி பாதிப்பு 71.7 சதவீதத்திலிருந்து 55.1 ஆகக் குறைந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள், இறந்தவர்கள் கணக்கில் வித்தியாசம் வரவில்லை. இன்னொன்றும் பாருங்கள், அந்தப் பட்டியலில் புது மருந்து என்று ஒன்றுகூட இல்லை. யாரை விடாமல் கவனிக்க வேண்டும் என்று பரிசோதனை கைகாட்டியது, அவ்வளவே.

உங்கள் கையிலேயே ஒரு பரிசோதனை இருக்கிறது. கட்டில் ஓரம் தொங்குகிற, மணிக்கணக்கு அளவுகோல் போட்ட, சிறுநீர் சேரும் அந்த பிளாஸ்டிக் பெட்டி. 70 கிலோ ஆளுக்கு மணிக்கு 35 மில்லிக்குக் குறைவாக 6 மணி நேரம் போனால், கிரியேட்டினின் என்ன சொன்னாலும் அது கிட்னி பாதிப்புதான், சர்வதேச வரையறையே அப்படி. நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது ஒரு நாள் காலை ரவுண்ட்ஸில் சார்ட்டைத் திருப்பினால் ராத்திரி 1 மணியிலிருந்து 30, 25, 20, 15, 15, 10 என்று நீல மையில் அழகான கையெழுத்தில் இருக்கிறது. எழுதியவர் ஒழுங்காக எழுதியிருக்கிறார். யாரையும் எழுப்பவில்லை. டூட்டி அறையில் தூங்கிக்கொண்டிருந்தது நான்தான். அந்தக் கடைசி 10-ஐ நான் மறக்கவே இல்லை. ஒரு எச்சரிக்கை: சிறுநீரை அதிகம் போகவைக்கும் லேசிக்ஸ் ஊசி போட்டிருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும், நிறையப் போகிறது என்பதால் கிட்னி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

கேள்வி: 15 வருட சர்க்கரை, கிரியேட்டினின் 1.6. அடுத்த மாதம் ஆஞ்சியோ. இந்தப் புது டெஸ்ட்டுகளைக் கேட்டு வாங்கட்டுமா? (வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, ஆஞ்சியோ முடிந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் சாதாரண கிரியேட்டினின் டெஸ்ட்டை மறுபடி எடுங்கள். ஏன் என்றால், ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயத்தால் கிட்னி பாதித்தால் அந்த எண் ஏற ஆரம்பிக்கவே ஓரிரு நாள் ஆகும், உச்சத்துக்குப் போக 3 முதல் 5 நாள். நீங்களோ மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பீர்கள், முதுகு வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டிருப்பீர்கள். அதைத்தான் போடக் கூடாது.

டாக்டரிடம் மூன்று விஷயம் பேசுங்கள்: என் வயதுக்கு 1.6 என்றால் வடிகட்டும் திறன் எவ்வளவு, சாயத்தைக் குறைவாகப் பயன்படுத்த முடியுமா, மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது. அசிட்டைல்சிஸ்டைன் மாத்திரை கிட்னிக்குக் கவசம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஏறக்குறைய 5,000 பேரை வைத்துச் செய்து 2018-ல் வெளியான ஆய்வில் அதனால் பலன் இல்லை என்று தெரிந்துவிட்டது. இன்னொன்று. நெஞ்சுவலி வந்து அவசரமாக ஆஞ்சியோ செய்தாக வேண்டும் என்றால் கிட்னியை நினைத்துத் தயங்கி நிற்காதீர்கள். இதயம் ஓடினால்தான் கிட்னிக்கு ரத்தம்.

கேள்வி: கிரியேட்டினினைவிட சிஸ்டாட்டின் சி நல்லது என்கிறார்களே? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: மெலிந்த முதியவர்களுக்கு நல்லதுதான். தசை குறைந்தால் கிரியேட்டினினும் குறைவாகத் தெரியும், கிட்னி மோசமாக இருந்தாலும் ‘நார்மல்’ என்று வரும். சிஸ்டாட்டின் சி என்ற புரதம் உடம்பின் எல்லாச் செல்களிலிருந்தும் வருவதால் தசையை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. ஆனால் ஸ்டீராய்டு, தைராய்டு கோளாறு, புகைப்பழக்கம், உடல் பருமன் எல்லாம் அதை ஆட்டிவைக்கும். கிரியேட்டினினை அளக்கும் முறையோ 1886-ல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த ஆரஞ்சு நிற வேதிவினை, இன்றும் பல லேப்களில் அதன் திருத்திய வடிவமே ஓடுகிறது. மலிவு, எங்கும் கிடைக்கும். கிழவனை அவ்வளவு சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

திருச்சி வாசகருக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. அப்பாவின் எண் இறங்கி 1.2-க்கு வந்தாலும் மூன்று மாதம் கழித்து கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் ஒருமுறை பாருங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த டாக்டர் பார்த்தாலும் அந்த 1.1-ஐத்தான் முதலில் கேட்பார்.