இரண்டு பைட்டுக்குள் இரண்டு எண்கள்

வணக்கம் சார்,

ஜிடிபி டிபக்கரில் 'பிரிண்ட் 1.0பிஎஃப்16' என்று அடித்தால் 'இன்வாலிட் நம்பர்' என்கிறது. பிஎஃப்16 என்ற 16 பிட் ஃப்ளோட் வடிவத்தைக் குறிக்கும் இந்தப் பின்னொட்டைச் சேர்க்க, ஜிடிபியின் சி மொழி இலக்கணம் இருக்கும் சி-எக்ஸ்ப்.ஒய் கோப்பைத் திறந்திருக்கிறேன். உள்ளீட்டைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் லெக்சரில் வெட்டுவதா, இலக்கணத்தில் புது விதி எழுதுவதா? இன்னும் இலக்கண விதியிலிருந்து பார்ஸர் செய்யும் பைசனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? டைப்பை நீளத்தை வைத்தே எடுத்துக்கொண்டேன், 2 பைட்தானே.

ர.

அன்புள்ள ர.,

பைசன் பஞ்சாயத்து இந்த வேலைக்குத் தேவையில்லை, விடுங்கள். பின்னொட்டு இலக்கணத்துக்குள் வரவே கூடாது. லெக்சர் எண்ணை எழுத்துகளோடு சேர்த்து அள்ளி பார்ஸ்_நம்பர் என்ற ஃபங்ஷனிடம் கொடுக்கிறது. டெசிமல் ஃப்ளோட்டின் டிஎஃப், டிடி, டிஎல் மூன்றும் அங்கேதான் கழற்றப்படுகின்றன. உங்களுடையதும் அங்கேயே சேரட்டும். ஹாஃப் எனப்படும் இன்னொரு 16 பிட் ஃப்ளோட் வடிவத்துக்கான எஃப்16-ஐயும் சேர்ப்பதாக இருந்தால் பிஎஃப்16-ஐ முதலில் சோதியுங்கள். மாற்றிப் போட்டால் 'பி' ஒட்டிக்கொண்டு நிற்கும், எண் செல்லாது. இந்தச் சோதனை ஃப்ளோட் என்று முடிவான கிளைக்குள் மட்டும் இருக்கட்டும். 0எக்ஸ்1பிஎஃப்16 என்பது ஒழுங்கான ஹெக்ஸ் முழு எண், மதிப்பு 114454. இன்புட் ரேடிக்ஸை, அதாவது எண்களைப் படிக்கும் அடிமானத்தை, 16 ஆக்கியவருக்கு முன்னால் 0எக்ஸ் இல்லாமலே அது முழு எண்தான்.

எனக்குத் தூக்கம் போனது உங்கள் கடைசி வரியில். இவ்வளவு கவனமாக லெக்சரைப் படித்தவர் எப்படி அதை எழுதினீர்கள்? 16 பிட் ஹாஃபும் 2 பைட், பிஎஃப்16-உம் 2 பைட். ஹாஃபில் அடுக்குக்கு 5 பிட், பின்னத்துக்கு 10. பிஎஃப்16-இல் 8, 7. நினைவகத்தில் 0எக்ஸ்3எஃப்80 கிடக்கிறது என்று வையுங்கள். பிஎஃப்16-ஆகப் படித்தால் 1. ஹாஃபாகப் படித்தால் 1.875. இரண்டுமே பார்க்க நல்ல எண்கள், யாருக்கும் சந்தேகம் வராது. குப்பை எண் வந்தால்கூட மனிதன் விழித்துக்கொள்வான். நிரல் தப்பு செய்கிறது என்று டிபக்கரிடம் வந்தவனுக்கு டிபக்கரே 1.875 என்று காட்டினால், அவன் சரியான கோடைத் திருத்தப் போய்விடுவான்.

கம்பைலர் டிபக்கருக்கு எழுதிவைக்கும் டிபக் தகவலான டுவார்ஃப் இதில் உங்களைக் காப்பாற்றாது. அடிப்படை டைப்புக்கு அது தருவது பெயர், பைட் அளவு, 'ஃப்ளோட்' என்ற குறியீடு. அடுக்குக்கு எத்தனை பிட் என்று சொல்வதில்லை. அதனால்தான் ஜிடிபி பெயரைப் பார்க்கிறது: 16 பிட்டாக இருந்து, பெயர் '__பிஎஃப்16' என்று எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் மட்டுமே அந்த வடிவம், இல்லையேல் ஹாஃப். எக்ஸ்86-64-இல் லாங் டபுளும் __ஃப்ளோட்128-உம் 16 பைட்தான்; முன்னதில் 80 பிட்டுக்குத்தான் வேலை. அங்கேயும் பெயர்தான் பிரிக்கிறது. அழகான வழி இல்லை, ஆனால் இருப்பது இதுதான். உங்கள் கம்பைலர் டைப்புக்கு என்ன பெயர் எழுதுகிறது என்று முதலில் டிபக் தகவலைக் காட்டும் ரீட்எல்ஃப் கருவியில் பாருங்கள்.

கூட்டல் கழித்தலிலும் இதே வம்பு. இரண்டு ஃப்ளோட்களில் பெரியதன் டைப்பை எடு என்பது ஜிடிபியின் கணக்குக் கோப்பான வேல்அரித்.சி-யின் வழி, நீளம் சமமானால் பெரியது எது? சி++23 இந்த இரண்டையும் நேரடியாகக் கலக்க விடுவதில்லை. டெசிமலை பைனரி ஃப்ளோட்டோடு கூட்டினால் ஜிடிபி ஏற்கெனவே மறுக்கிறது. அதே மறுப்பை இங்கும் எழுதுங்கள்.

லிட்டரலை 1.0 வைத்துச் சோதிக்காதீர்கள். அது இரண்டு வடிவத்திலும் துல்லியமாக அடங்கும், டைப் தவறாக இருந்தாலும் 1 என்றே அச்சாகும். 0.1பிஎஃப்16 அடியுங்கள். சரியான டைப் என்றால் உள்ளே இருப்பது 0.10009765625. அச்சில் 0.09997 என்று தொடங்கினால் நீங்கள் ஹாஃபைக் கொடுத்திருக்கிறீர்கள். பிறகு ஓடும் எக்ஸ்86 நிரல் ஒன்றை நிறுத்தி, எக்ஸ்எம்எம்0 ரெஜிஸ்டரின் வி8_இன்ட்16 புலத்தின் முதல் இடத்தில் 0எக்ஸ்3எஃப்80 வைத்து, வி8_பிஃப்ளோட்16, வி8_ஹாஃப் இரண்டையும் அச்சிட்டு அருகருகே பாருங்கள். பேட்சை அதன் பிறகு அனுப்புங்கள்.