ஜாடை எங்கே போயிற்று?

வணக்கம்.

மூன்று வருடமாகப் பென்சிலில் முகங்கள் வரைந்து பழகுகிறேன். அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. அவருடைய போட்டோ ஒன்றைப் பார்த்து வரைந்தேன். முழுத் திருப்தி இல்லை, ஆனால் அப்பா என்று தெரிந்தது. கூட வரையும் நான்கு நண்பர்களிடம் காட்டினேன். ஒருவர், கண்கள் ஒரே மட்டத்தில் இல்லை என்றார். இன்னொருவர், மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் இடைவெளி அதிகம் என்றார். மூன்றாமவர் முகம் அகலமாகிவிட்டது என்றார். நான்காமவர் "எல்லாம் சரிதான், உயிர் இல்லை" என்றார். நான்கையும் திருத்தினேன். இப்போது படம் முன்பைவிடச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் அம்மா பார்த்துவிட்டு "இது யாரு?" என்று கேட்டார். இனி யாரிடமும் காட்டாமல் வரைவதுதான் நல்லதா? போட்டோவையும், திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். அம்மா கேட்டது சரியான கேள்வி. முதல் படத்தில் அப்பா இருக்கிறார், குறைகளோடு இருக்கிறார். இரண்டாவதில் இருப்பவர் லட்சணமான ஒரு மனிதர், அவ்வளவுதான்.

போட்டோவைக் கையில் எடுத்துப் பாருங்கள். அவருடைய இடது கண் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது. தலை சாய்ந்ததால் அப்படித் தெரிகிறதோ என்று புருவத்தையும் வாயையும் அளந்து பார்த்தேன், இரண்டும் நேராகவே இருக்கின்றன. மூக்கின் அடியிலிருந்து உதடு வரைக்கும் உள்ள நீளமும் அவருக்கு அதிகம். நீங்கள் பார்த்ததைப் பார்த்தபடி வரைந்திருந்தீர்கள். முதல் இரண்டு நண்பர்களும் உங்கள் படத்தைப் போட்டோவோடு ஒப்பிடவில்லை, மனதில் இருக்கும் பாட அளவுகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். தலை உச்சிக்கும் தாடைக்கும் சரிபாதியில் கண், இரு கண்களுக்கு நடுவே இன்னொரு கண்ணின் அகலம், நேர்முகத்தில் புருவ மட்டத்திலிருந்து மூக்கின் அடிவரை காது என்று நாம் எல்லோரும் படித்ததுதான். அவை வேண்டும். அவை இல்லாவிட்டால் ஆரம்பத்தில் எல்லோருமே நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மேலே ஏற்றிவிடுவோம். ஆனால் அவை பல முகங்களுக்குப் பொதுவான ஒரு சராசரி. ஒரு முகம் அந்தச் சராசரியிலிருந்து எங்கே, எவ்வளவு விலகுகிறதோ அங்கேதான் ஜாடை இருக்கிறது. கேலிச்சித்திரம் போடுகிறவர்கள் பத்துக் கோட்டில் ஆளைக் கொண்டுவந்துவிடுகிறார்களே, அந்த விலகலைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குவதால்தான் அது முடிகிறது. நீங்கள் அதற்கு நேர் எதிர்த்திசையில் போய், விலகியிருந்த ஒவ்வொன்றையும் ரப்பரால் இழுத்து நடுவில் நிறுத்திவிட்டீர்கள்.

அதற்காக யாரிடமும் காட்டாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் மற்ற இரண்டு பேரும் உண்மையான குறையைப் பார்த்திருக்கிறார்கள். முகம் அகலம் என்றவர் சொன்னது சரி. ஆனால் நீங்கள் அதைத் திருத்திய இடம் தப்பு. கன்னத்தையும் தாடையையும் உள்ளே செதுக்கியிருக்கிறீர்கள். போட்டோவில் கண்ணின் வெளிமுனையிலிருந்து காது வரை அளந்து, அதே அளவை முதல் படத்தில் வைத்துப் பாருங்கள், காது பின்னால் தள்ளிப் போயிருக்கிறது. காது தள்ளிப்போனால் நடுவில் கிடக்கிற இடமெல்லாம் கன்னமாகத்தான் தெரியும். எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு பெரியவரின் முகத்தை வரைந்தபோது தாடை கனமாக இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார், மூன்று மாலை உட்கார்ந்து தாடையைக் குறைத்தேன், குறைக்கக் குறைக்க அது இன்னும் விகாரமானது. கடைசியில் பார்த்தால் தாடையில் ஒன்றுமே இல்லை, மண்டையின் மேற்பகுதியைத்தான் நான் வெட்டிவிட்டிருந்தேன். உச்சியை ஒரு விரற்கடை உயர்த்தியதும் தாடை தானாக இறங்கி உட்கார்ந்தது. நண்பருக்கு உறுத்தியது உண்மை. ஆனால் உறுத்துகிற இடமும் காரணம் இருக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, முகத்தில் இது அடிக்கடி நடக்கும்.

முகத்தை நாம் உறுப்பு உறுப்பாகப் பார்ப்பதில்லை, மொத்தமாகப் பார்க்கிறோம், அதனால்தான் இவ்வளவு குழப்பம். 1980இல் பீட்டர் தாம்ஸன் என்ற உளவியலாளர் மார்கரெட் தாட்சரின் போட்டோவில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டிக் காட்டினார். படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, நேராகத் திருப்பினால் பார்க்கவே சகிக்காது. தலைகீழாக்கினால் 'முகம்' என்கிற பிடி தளர்ந்துவிடுகிறது. நமக்கு அது வசதி. போட்டோவையும் படத்தையும் ஒரே அளவில் வைத்து இரண்டையும் தலைகீழாகத் திருப்பி, கண் என்றோ மூக்கு என்றோ நினைக்காமல் வடிவங்களையும் இடைவெளிகளையும் மட்டும் ஒப்பிடுங்கள். அப்புறம் படத்தைக் கண்ணாடியில் பாருங்கள். இது மிகப் பழைய வழி, 1435இல் இத்தாலியக் கலை அறிஞர் ஆல்பெர்ட்டி எழுதியிருக்கிறார். லியனார்டோ டா வின்சியும் தன் குறிப்புகளில் சொல்கிறார், அதோடு அடுத்தவர் கருத்தைக் காதுகொடுத்துக் கேட்கவும் சொல்கிறார். நான் கண்ணாடியை முதலில் வைத்துக்கொள்வேன். கண்ணாடியில் நாமே கண்டுபிடிக்கக்கூடிய தப்புக்கு நண்பரின் நேரத்தை எடுக்க வேண்டாமே.

சரி, 'உயிர் இல்லை' என்ற கருத்து. இதைக் கேட்டு மனம் தளராதவர்கள் குறைவு, நானும் தளர்ந்திருக்கிறேன். ஆனால் இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வெளிச்சத்தையும் நிழலையும் பற்றித்தான் சொல்கிறார்கள், அவர்களுக்கே அது தெரியாமல். நீங்கள் அதைக் கேட்டுவிட்டு இமைமயிர்களை ஒவ்வொன்றாக அழுத்தி, கருவிழியில் பெரிய வெள்ளைப் பொட்டு வைத்திருக்கிறீர்கள். உங்கள் படம் முழுக்க எச்பி பென்சிலின் நடுத்தரச் சாம்பல் நிறம். போட்டோவைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பாருங்கள், மூக்குத் துவாரமும் மேல் இமைக்கு அடியில் இருக்கும் கோடும் கழுத்து நிழலும் எவ்வளவு கறுப்பு! 4பி, 6பி என்ற மென்மையான, கறுப்பு அதிகமான பென்சில்கள் இல்லாமல் அந்தக் கறுப்பு வராது. முதலில் ஓர் இடத்தில் அந்த அடர்ந்த கறுப்பை வைத்துவிட்டு மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். இன்னொன்று, கண்ணின் வெள்ளையைக் காகித வெள்ளையாகவே விட்டிருக்கிறீர்கள். விழி ஓர் உருண்டை, மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது. போட்டோவில் நெற்றியில் விழுந்திருக்கும் வெளிச்சத்தைவிட அந்த வெள்ளை மங்கலாக இருப்பதை நீங்களே பார்க்கலாம். அதை லேசாக மூடினாலே முறைத்துப் பார்க்கிற மாதிரியான அந்தப் பார்வை போய்விடும். விரலால் தேய்க்காதீர்கள், கன்னத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி மினுக்கம் வந்திருப்பது அதனால்தான்.

நண்பர்களிடம் கேட்கும் விதத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். முடித்த படத்தை நீட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டால் பாராட்டு வரும், இல்லாவிட்டால் கைக்கு வந்த குறை ஒன்று வரும். ஷேடிங் தொடங்குவதற்கு முன், வெறும் கோடாக இருக்கும்போதே, பக்கத்தில் போட்டோவை வைத்துக் காட்டுங்கள். "முதலில் கண் எங்கே போய் முட்டுகிறது?" என்று கேளுங்கள், பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேயே பென்சிலை எடுக்காதீர்கள். அவர் காட்டிய இடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் போட்டோவில் அளந்த பிறகு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். கூடவே வரையத் தெரியாத, அந்த ஆளைத் தெரிந்த ஒருவரிடமும் காட்டுங்கள். உங்கள் அம்மாவுக்குப் பாட அளவுகள் தெரியாது, அந்த முகம் தெரியும்.

முடிந்தால் அப்பாவின் இன்னொரு போட்டோவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் தள்ளி நின்று எடுத்ததாக. மிக அருகில் நின்று எடுத்த போட்டோவில் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் விழும்.

இப்போதுள்ள தாளை அப்படியே எடுத்து வையுங்கள், அதை மேலும் அழித்தால் தாள் தாங்காது. மொபைலில் இருக்கும் முதல் படத்தைப் பார்த்துப் புதுத் தாளில் கோடு மட்டும் போட்டுக்கொண்டு காதை முன்னால் நகர்த்துங்கள், இடது கண்ணை அதன் பழைய, இறங்கிய இடத்திலேயே விடுங்கள். மேலுதட்டு நீளத்தில் கை வைக்காதீர்கள், யார் சொன்னாலும். அந்தக் கோட்டுப் படத்தை முதலில் அம்மாவிடம் காட்டிவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.