ஐம்பதடி கர்டரைப் பாம்பனுக்குச் சுருக்குவது எப்படி?

கேள்வி: ஹெச்ஓ அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, 1:87) ரயில் மாடலுக்கான 50 அடி டெக் கர்டர் (தண்டவாளம் மேலே ஓடும் இரும்பு உத்தரம்) பாலக் கிட் ஆறு வாங்கினேன். நாலு அடி அலமாரியில் பழைய பாம்பன் பாலம் போலச் செய்ய ஆசை. முதல் கிட்டை ஒட்டி முடித்ததும் முறுகிவிட்டது. மற்றவற்றை எப்படி வெட்டிச் சுருக்குவது? தூக்குப்பாலத்தையும் சேர்க்கலாமா?
– மதுரை வாசகர்

பதில்: தூக்குப்பாலத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஷெர்சர் வகையான அந்தத் தூக்குக் கண் (தூணுக்குத் தூண் உள்ள பகுதி) 225 அடி. 1:87-இல் 79 செ.மீ. அலமாரியில் இரண்டரை அடிக்கு மேல் அதுவே விழுங்கிவிடும். கடலுக்குக் கொஞ்சம் மேலே ஒரே மாதிரிக் கர்டர்கள் வரிசையாக ஓடுவதுதான் பாம்பன். அந்த வரிசை போதும்.

1914-இல் திறந்த அந்தப் பாலத்தின் சாதாரணக் கண் 40 அடி. மாடலில் 14 செ.மீ. உங்கள் கிட் 17.5 செ.மீ. இருக்கும். குறைக்க வேண்டியது மூன்றரை. முனையில் நறுக்கத்தான் கை போகும், அங்கே கை வைக்காதீர்கள். கர்டரைத் தூணில் தாங்கும் பேரிங் உட்காரும் இடம் அது. நடுவிலிருந்து எடுங்கள். கர்டரின் பக்கவாட்டில் நெட்டுக்குத்தாக நிற்கும் ஸ்டிஃப்னரை (வலுவூட்டும் பட்டையை) ஒட்டி, மெல்லிய பல் ரம்பத்தால் அறுத்தால் இணைப்பு அதன் நிழலில் மறைந்துவிடும். ஓரிரு மில்லிமீட்டர் கூடக்குறைய வந்தாலும் பரவாயில்லை, எல்லாக் கண்ணும் ஒரே அளவில் இருக்கட்டும். இடது கர்டரில் அறுத்த இடத்துக்கு நேரே வலதில் அறுக்காமல் ஒரு கட்டம் (இரண்டு ஸ்டிஃப்னருக்கு இடைப்பட்ட பகுதி) தள்ளி அறுங்கள். இரண்டுக்கும் பின்னால் அரை மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டை ஒட்டுப்போடுங்கள். பசை, பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கும் வகையாக இருக்க வேண்டும். ஃபெவிக்விக் வகை ஒரு தட்டுத் தட்டினால் விண்டுவிடும்.

முதல் கிட் முறுகியது பெரும்பாலும் அவசரத்தால். இரண்டு கர்டரையும் கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்து நிறுத்தி, மூலைமட்டம் பார்த்து, நடுவில் வரும் குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப்பசை போக, பெயின்டுக்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். நிறம் அலுமினியச் சாம்பல். துரு ரிவெட் வரிசையிலும் பேரிங் அடியிலும் மட்டும் போதும். உப்புக் காற்று என்பதற்காக மொத்தப் பாலத்தையும் பழுப்பாக்கிவிடாதீர்கள், ரயில்வே விடாமல் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்த பாலம் அது.

ஒவ்வொரு கண்ணையும் தூணில் ஒரு முனையில் மட்டும் ஒட்டுங்கள். மறுமுனை சும்மா உட்காரட்டும். மதுரை வெயிலில் பிளாஸ்டிக் நீளும். இரண்டு முனையும் இறுகினால் தண்டவாளம் நெளியும்.

முறுகிய கிட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலில் விழுந்தன. பலவற்றை மீட்டு மறுபடியும் ஏற்றி, 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். உங்கள் முறுகலைப் பாதி நீரில் அமிழ்த்தி வைத்தால் அந்தக் காட்சி வந்துவிடும். ஒன்றுதான், அன்று ஓடியது மீட்டர் கேஜ், மாடலில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே 12 மி.மீ. அகலம் வேண்டும். வழக்கமான 16.5 மி.மீ. பாதையைத்தான் போடுவீர்கள் என்றால் காலத்தை 2007-க்குப் பின், அகலப்பாதை வந்த பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி அகலப்பாதைக்கு 19 மி.மீ. வர வேண்டும்தான், அலமாரிக்கு முன் யாரும் அளவுகோலோடு நிற்கப்போவதில்லை.