காலை நடைக்குப் பிறகு மூளைப் பயிற்சியில் தம்பி தூங்கிவிடுகிறாரே?

இரண்டையும் மாலை 4 மணிக்கு மேல் மாற்றிப் பாருங்கள். முதலில் நடை, பிறகு பயிற்சி என்ற உங்கள் வரிசை சரிதான். ராத்திரி போடும் குளோசபின் (மனச்சிதைவு நோய்க்கான மாத்திரை) தரும் மந்தம், காலை 7 மணிக்கு லால்பாக் பூங்காவில் ஒரு சுற்று வந்தாலும் முழுசாகக் கலையாது. நினைவாற்றல் பயிற்சிக்கு உட்கார்ந்ததும் கண் சொருகுவது பெரும்பாலும் அதனால்தான். சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள்.

20 நிமிடம் நடை, தண்ணீர், கொஞ்சம் ஓய்வு, பிறகு 15 நிமிடம் பயிற்சி. ஒரு வாரம் குறித்து வையுங்கள். மாலையிலும் தூங்கினால் அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவே வேண்டாம்.

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் இதயத்துடிப்பை வைத்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். குளோசபினே அதை ஏற்றிவிடும். நடக்கும்போது பேச வரணும், பாட வரக் கூடாது; அதுதான் சரியான வேகம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் நடையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி.