பத்தாவது மாடியில் நின்றுபோன பிரிண்டர்

அன்புள்ள ஐயா,

கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் நிர்வாக மேலாளராக இருக்கிறேன். இரண்டு யூனிட், மொத்தம் 180 பேர். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி ஒரு ஏஜென்சி. சிசிடிவி மாட்டியது வேறொருவர். கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் ஈரோட்டிலிருந்து வாரம் ஒருமுறை வருபவர் பொறுப்பு. தீயணைப்புச் சாதனங்களுக்குத் தனி ஒப்பந்தம்.

சென்ற மாதம் ஒரு ஆலோசகர் வந்தார். இனிமேல் ஆபத்துகள் எல்லாம் கலந்துதான் வரும், ஒருங்கிணைந்த பாதுகாப்புக்கு மாறுங்கள் என்றார். கேமரா, கதவு, கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே திரையில் தெரியும் கட்டுப்பாட்டு அறைக்கு 22 லட்சம் ரூபாய் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். எங்கள் அளவுக்கு இது தேவையா? முதலாளியின் குரலிலேயே ஃபோன் செய்து பணம் அனுப்பச் சொல்கிறார்களாமே, அதை எப்படித் தடுப்பது? இது சமூகத்தின் பாதுகாப்பும்கூட என்று அவர் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. விளக்கினால் உதவியாக இருக்கும்.

எம்.
கரூர்

அன்புள்ள எம்.,

ஆலோசகர் சொன்ன காரணம் சரியானது. ஆனால் அந்தக் காரணத்துக்கும் 22 லட்ச ரூபாய்த் திரைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அந்தத் திரையை ராத்திரி 2 மணிக்கு யார் பார்ப்பார், பார்த்தால் யாரை எழுப்புவார், எழுந்தவருக்கு எதை நிறுத்த அதிகாரம் உண்டு? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில் திரை வெறும் வெளிச்சம்தான் தரும்.

ஒருங்கிணைப்பு என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்து வங்கதேச மத்திய வங்கியில் 2016 பிப்ரவரியில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் கிடையாது. டாக்காவில் அந்த வங்கியின் பத்தாவது மாடியில், காவல் போட்ட அறையில் ஒரு பிரிண்டர் இருந்தது. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றங்களுக்கான ஸ்விஃப்ட் செய்திகளை அது இரவும் பகலும் அச்சடித்துக்கொண்டே இருக்கும். பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் தட்டில் தாள் இல்லை. பிரிண்டர் ஓடவில்லை. பிரிண்டர் மக்கர் செய்வது எல்லா ஆபீஸிலும் நடப்பதுதான் என்று விட்டுவிட்டார்கள். வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை.

முந்தைய நாள் இரவே திருடர்கள் அந்த வங்கியின் பெயரில், அதன் டாலர் கணக்கு இருந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 பரிமாற்ற ஆணைகளை அனுப்பியிருந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 95 கோடி டாலர். ஆணைகளைப் பற்றி நியூயார்க்கிலிருந்து கேள்விகளும் வந்தன. அவற்றைக் காகிதத்தில் காட்ட வேண்டிய பிரிண்டரைத்தான் முடக்கி வைத்திருந்தார்கள். டாக்காவில் விஷயம் புரிந்தபோது நியூயார்க்கில் வார விடுமுறை. திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவின் ஒரு வங்கிக் கிளைக்குப் போய், அதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் பெறுநர் பெயரில் இருந்த ஒரு எழுத்துப் பிழையால் சந்தேகத்துக்கு உள்ளாகித் தப்பியது. மீதி ஆணைகளை நியூயார்க் வங்கி நிறைவேற்றவில்லை.

இதில் எந்தத் துறை தோற்றது என்று பாருங்கள். உள்ளே நுழைந்தது வேலை கேட்டு வந்ததுபோல் அனுப்பிய மின்னஞ்சல் வழியாக. அது ஆள் எடுக்கும் பிரிவின் விஷயம். வெளியாள் நுழைவதைத் தடுக்கும் ஃபயர்வால் இல்லை, மலிவான பழைய ஸ்விட்ச்களில்தான் நெட்வொர்க் ஓடியது என்று அந்நாட்டுப் புலனாய்வாளர்களே சொன்னார்கள், அது ஐடி. பிரிண்டர் ஆபீஸ் பராமரிப்பு. விடுமுறை நாளில் யாரைக் கூப்பிடுவது என்பது நிர்வாகம். மணிலாவில் போலிக் கணக்குகள் ஒன்பது மாதம் முன்பே, 2015 மே மாதத்தில் திறக்கப்பட்டு அசையாமல் கிடந்தன. அது இன்னொரு நாட்டு வங்கியின் கவனக்குறைவு. அங்கே சூதாட்ட விடுதிகள் அப்போது பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வரவில்லை. 2017இல்தான் சட்டத்தைத் திருத்திச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் தன் பக்கம் தெரிந்தது சின்ன விஷயம். எல்லாவற்றையும் ஒரே தாளில் தேதி, நேரத்தோடு எழுதிப் பார்க்கும் ஆள்தான் எங்கும் இல்லை.

2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலும் இதே வழியில் மூன்று பரிமாற்றங்கள் போயின, சுமார் 20 லட்சம் டாலர். அங்கும் பிரிண்டர் முடக்கப்பட்டிருந்தது. ஆனால் மறுநாள் காலை கணக்கை ஒத்துப்பார்த்தபோதே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு பரிமாற்றம் உடனடியாகத் தடுக்கப்பட்டது. தினமும் காலையில் கணக்கு டேலி பார்க்கும் பழைய வழக்கம் அங்கே காவல் வேலை செய்தது.

ஆகவே உங்கள் யூனிட்டில் முதல் வேலை, வாரம் அரை மணி நேரம் ஐந்து பேரை உட்கார வைப்பது: கேட் சூப்பர்வைசர், கம்ப்யூட்டர் பார்ப்பவர் (அவர் ஈரோட்டிலிருந்து வரும் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள்), கணக்குப் பிரிவு, எலக்ட்ரீஷியன், ஆள் எடுப்பவர். கேள்வி ஒன்றே ஒன்று: இந்த வாரம் உங்கள் பக்கம் வழக்கத்துக்கு மாறாக நடந்தது என்ன? கேமரா இருபது நிமிடம் கறுத்தது, கூப்பிடாமலே ஏசி மெக்கானிக் வந்தார், சப்ளையர் ஒருவர் வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லி மெயில் போட்டார். எல்லாவற்றையும் ஒரே நோட்டில் நேர வரிசையில் எழுதுங்கள். "தொழில்நுட்பக் கோளாறு" என்று மட்டும் எழுதி மூட விடாதீர்கள். என்ன காரணம், யார் சரிசெய்தார் என்று இருக்க வேண்டும்.

அந்த நோட்டு பயன்பட வேண்டுமென்றால் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலான இடங்களில் இதுதான் கோட்டை விடும் இடம். கேமரா படத்தைப் பதியும் டிவிஆர் ஒரு நேரம் காட்டும், பயோமெட்ரிக் இன்னொன்று, சர்வர் மற்றொன்று. ஏழு நிமிட வித்தியாசம் போதும், திருட்டு நடந்த நேரத்தில் கதவைத் திறந்தது யார் என்பதில் தவறான ஆள் மாட்டிக்கொள்வார். பெரும்பாலான கருவிகளில் நேர ஒத்திசைவு என்ற செட்டிங் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேர சர்வரைப் பார்க்க வையுங்கள். செலவு ஒன்றும் இல்லை. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவும் இதைக் கேட்கிறது. கூடவே கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது.

கேமரா பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்பதையும் விற்றவர் சொன்னதை வைத்து நம்பாதீர்கள், கணக்குப் போடுங்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி. 16 கேமராவுக்கு நாளொன்றுக்கு 346 ஜிபி. உள்ளே 4 டிபி டிஸ்க் இருந்தால் பன்னிரண்டு நாள்கூட நிற்காது. ஒரு மாதம் வேண்டுமென்றால் 10 டிபிக்கு மேல் வேண்டும். சரக்கு குறைந்தது மாதக் கடைசி ஸ்டாக் எடுப்பில்தான் தெரியவரும் என்றால், அதற்குள் படம் அழிந்திருக்கும். இங்கே கணக்குப் பிரிவின் காலண்டரும் கேமராவின் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பேச வேண்டும். நான் ஒருங்கிணைப்பு என்று சொல்வது இந்த மாதிரி விஷயங்களைத்தான்.

கதவு இன்னொரு உதாரணம். மேக்னெட் லாக் மின்சாரம் இருக்கும்வரைதான் பிடித்திருக்கும். கரண்ட் போனால் விட்டுவிடும். மாடிப்படிக் கதவுக்கும் தையல் ஹால் கதவுக்கும் அதுதான் சரி. தீ அலாரம் அடித்ததும் ஃபயர் பேனலில் உள்ள ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் அந்த லாக்கின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஆள்கள் ஓடி வெளியே வர வேண்டும். ஆனால் அதே லாக்கை சர்வர் அறைக்கும் போட்டிருந்தால், மெயினை அணைத்தவன் உள்ளே போகலாம். அங்கே கரண்ட் போனாலும் வெளிப்பக்கம் பூட்டியே இருக்கும் வகை வேண்டும்; உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருகினால் மட்டும் எப்போதும் திறக்க வேண்டும். தீயணைப்புக்காரரையும் லாக் மாட்டுபவரையும் ஒரே நாளில் வரவழைத்து, அலாரத்தை அடித்து, பிறகு மெயினை அணைத்து, ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பாருங்கள். தனித்தனியாக வந்தால் இருவருமே தங்கள் வேலை சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

குரல் மோசடிக்கு வருகிறேன். 2024இல் ஹாங்காங்கில் ஆரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் 15 தடவையாக 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். முதலில் வந்த மின்னஞ்சலை அவர் சந்தேகிக்கத்தான் செய்தார். பிறகு வீடியோ அழைப்பில் நிதி அதிகாரியையும் சக ஊழியர்களையும் பார்த்ததும் நம்பிவிட்டார். திரையில் இருந்தவர்கள் எல்லோரும் போலி. முகத்தையும் குரலையும் உற்றுக் கவனித்துக் கண்டுபிடிக்கலாம் என்று ஊழியர்களுக்குப் பயிற்சி தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போலி மாதாமாதம் மேம்படுகிறது, நம் காது மேம்படாது. வழிமுறையை மாற்றுங்கள். வந்த அழைப்பில் பணம் போகாது. துண்டித்துவிட்டு, பழைய ஃபைலில் இருக்கும் எண்ணுக்கு நாம் கூப்பிட வேண்டும். மெயிலில் கீழே கொடுத்திருக்கும் எண்ணுக்கு அல்ல. வங்கிக் கணக்கு மாற்றம் என்றால் இரண்டு பேர் கையெழுத்து, ஒரு முழு வேலைநாள் காத்திருப்பு. இந்த விதி முதலாளிக்கும் பொருந்தும் என்று முதலாளியே கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். "ஏன் என்னையே சந்தேகப்படுகிறாயா" என்று ஒரே ஒரு தடவை அவர் கோபப்பட்டால் விதி அன்றோடு செத்துவிடும்.

ஏற்றுமதியாளருக்கு எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. உங்கள் மெயிலுக்குள் புகுந்தவன் பணம் எடுக்க மாட்டான். மெயில்களைத் தனக்குத் தானாக அனுப்பும்படி ஒரு விதியை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருப்பான். இன்வாய்ஸ் போகும் நாளில், வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று உங்கள் பெயரில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதுவான். எல்லா மெயில் பெட்டிகளிலும் ஃபார்வர்டிங் விதிகளை மாதம் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டோடு ஃபோனில் வரும் எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். எங்கள் வங்கிக் கணக்கு மின்னஞ்சல் மூலம் ஒருபோதும் மாற்றப்படாது என்று ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சடியுங்கள்.

சமூகத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தீர்கள். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டே மாறாமல் கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21இல் அவற்றைக் கொண்டு, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டித் தரும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. கேமரா சொந்தக்காரர்களுக்கு எதுவுமே தெரியாது. அவர்கள் கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. உங்கள் கேட்டில் தொங்கும் கேமரா பிறர்மேல் எறியும் கல்லாக ஆகலாம். மாட்டியவரிடமிருந்து அட்மின் பாஸ்வேர்டை வாங்கி மாற்றுங்கள். அவர் ஃபோனிலும், வேலையை விட்டுப் போனவர்கள் ஃபோனிலும் அந்த ஆப் இன்னும் ஓடுகிறதா என்று பயனர் பட்டியலைப் பாருங்கள், அநேகமாக ஓடும். கேமரா நெட்வொர்க்கை ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து பிரிக்க ஒரு மேனேஜ்டு ஸ்விட்ச் போதும்.

பேக்கப் பற்றிச் சுருக்கமாக. 2017 ஜூன் 27இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கிய நாட்பெட்யா என்ற நச்சு நிரல், உக்ரைனின் ஒரு கணக்கு மென்பொருள் அப்டேட்டோடு வந்தது. 4,000 சர்வர், 45,000 கணினிகளைத் திரும்ப நிறுவினார்கள். யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் அவர்களின் முக்கியமான சர்வர்களில் பிழைத்தது கானாவில் இருந்த ஒன்றுதான். அங்கே கரண்ட் போயிருந்ததால் அது இணைப்பில் இல்லை. உங்கள் கணக்கு டேட்டாவுக்கு மூன்று நகல் இருக்கட்டும். ஒன்று வயர் பிடுங்கிய டிஸ்க்கில், இன்னொரு யூனிட்டில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் அதைத் திரும்ப ஏற்றி, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறியுங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப் தேவைப்படும் நாளில் காலியாக இருக்கலாம்.

இயந்திரம் மட்டும் போதாது என்பதற்குச் சென்னையே சாட்சி. 2015 டிசம்பர் 2இல் இந்து ஆங்கில நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை, 1878இல் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக. மறைமலை நகர் அச்சகத்துக்கு வெள்ளத்தில் ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை.

கடைசியாக, நிறுத்தும் அதிகாரம். கேட்டிலும் கணக்குப் பிரிவிலும் ஒரு அட்டை இருக்க வேண்டும்: வங்கி மேலாளர் எண், விடுமுறையிலும் எடுக்கும் வங்கி எண், சைபர் மோசடிக்கு 1930, கம்ப்யூட்டர் பார்ப்பவர், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர். பணம் தவறாகப் போனது தெரிந்தால் யாருடைய அனுமதியும் கேட்காமல் கணக்காளரே 1930க்கும் வங்கிக்கும் கூப்பிடலாம் என்று எழுத்தில் கொடுங்கள். கம்ப்யூட்டரில் விபரீதமாக ஏதாவது தெரிந்தால் நெட்வொர்க் வயரை உடனே பிடுங்கலாம். கம்ப்யூட்டரை மட்டும் அணைக்கக் கூடாது, நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும்.

பிறகு ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, முன்னறிவிப்பு இல்லாமல், அந்த அட்டையில் இருக்கும் எல்லா எண்ணுக்கும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள், 1930ஐத் தவிர. எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எழுதி முதலாளியிடம் கொடுங்கள். கொட்டேஷனைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். அப்போது உங்களுக்குத் தேவைப்படுவது பெரிய டிஸ்க், ஒரு ஸ்விட்ச், இரண்டு மூன்று கதவுப் பூட்டு, ஈரோட்டுக்காரருக்கு வாரத்தில் இன்னொரு நாள் சம்பளம் என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்