வாசகர் கேள்வி பதில்: அகதிகளோட மனசு

கேள்வி: அகதிகளுக்கு உதவுற ஒரு அமைப்புல வாலண்டியரா இருக்கேன். அங்க ஒரு அம்மா எப்பப் பார்த்தாலும் தலைவலி, நெஞ்சு படபடப்புன்னு சொல்றாங்க, டாக்டர் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டார். போர்ல என்ன நடந்துச்சுன்னு மட்டும் வாயே திறக்க மாட்டேங்குறாங்க. மனசுல இருக்கறத கொட்டிட்டா சரியாயிடுமாமே, எப்படிப் பேச வைக்கிறது?

பதில்: பேச வைக்காதீங்க! நடந்ததை ஒண்ணு விடாம சொல்ல வைக்கிற 'டீப்ரீஃபிங்' முறையால பலன் இல்ல, சிலருக்கு இன்னும் மோசமாகலாம்னு பார்த்துட்டு உலக சுகாதார நிறுவனமே அது வேணாம்னு சொல்லிடுச்சு. அவங்களா சொன்னா குறுக்க பேசாம கேளுங்க, சொல்லலைன்னா விட்ருங்க. புகலிடம் கேட்டு வந்தவங்க அந்தக் கதையை ஏற்கெனவே அதிகாரிங்க முன்னாடி சொல்லி, போன தடவை வேற தேதி சொன்னீங்களேன்னு குறுக்குக் கேள்வியும் வாங்கியிருப்பாங்க, இதுல நீங்களும் நோட்டும் பேனாவுமா போய் உட்கார்ந்தா இன்னொரு ஆபீசராத்தான் தெரிவீங்க.

அந்தத் தலைவலி நடிப்பு இல்லைங்க. ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது, அப்ப என்ன நினைப்பு ஓடுதுன்னு கேட்டுப் பாருங்க. பல நேரம் பதில் பழைய சண்டையா இருக்காது, அங்க மாட்டிக்கிட்ட மகன்கிட்ட இருந்து போன் வரல, மனு என்னாச்சுன்னு தெரியல, அதுவா இருக்கும். கூட உட்கார்ந்து அந்த ஆபீஸ் லெட்டரைப் படிச்சுச் சொல்றது, காணாமப்போன சொந்தத்தைத் தேட செஞ்சிலுவைச் சங்கத்துல பதிவு பண்ண உதவுறது, என்னைக் கேட்டா இதுவும் வைத்தியம்தான்.

கேள்வி: அவங்க பாஷை எனக்குத் தெரியாது. பையன் ஸ்கூல்ல புது பாஷை கத்துக்கிட்டான், அவனை வெச்சுப் பேசலாமா?

பதில்: கூடவே கூடாது. அம்மாவுக்குச் செத்துரலாம்போல இருக்குங்கறத ஒரு சின்னப் பையன் வாயால சொல்ல வைக்கலாமா? அவன் முன்னாடி அவங்களும் பாதியை முழுங்கிடுவாங்க. பயிற்சி எடுத்த மொழிபெயர்ப்பாளர் வேணும், அதுலயும் அதே சமூகத்து ஆளுன்னா விஷயம் வெளிய போயிடுமோ, எதிர்த் தரப்பு ஆளோன்னு பயம் இருக்கும், அதனால யார் வேணும், ஆணா பெண்ணான்னு அவங்ககிட்டயே கேளுங்க. நேர்ல ஆள் கிடைக்கலைன்னா போன்ல மொழிபெயர்ப்பாளரை வெச்சு, அவங்க பேர் சொல்லாம பேசலாம்.

கேள்வி: சைக்யாட்ரிஸ்ட் இல்லாத இடத்துல என்ன செய்யறது?

பதில்: எல்லாருக்கும் சைக்யாட்ரிஸ்ட் தேவைப்படாது. போர் பாதிச்ச மக்கள்ல கிட்டத்தட்ட 5 பேர்ல 1 ஆளுக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கும்னு 2019-ல கணக்குச் சொன்னாங்க, அதுலயும் நிறைய பேருக்கு லேசானதுதான். இவங்களுக்குன்னே உலக சுகாதார நிறுவனம் 'பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்'னு ஒண்ணு வெச்சிருக்கு, வாரம் ஒண்ணா 5 செஷன், ஒவ்வொண்ணும் 90 நிமிஷம், டாக்டரே இல்லாம பயிற்சி எடுத்த சாதாரண ஆளுங்களே நடத்தலாம். நிதானமா மூச்சு விடறது, தீர்க்க முடியற பிரச்சினையை மட்டும் தனியா எடுத்துப் பார்க்கறது, விட்டுப்போன வேலையைக் கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிக்கறது, நாலு பேரோட பழகறது, அவ்ளோதான். ஆனா காதுல குரல் கேக்குது, சோறு தண்ணி இறங்கல, செத்துரலாம்போல இருக்குன்னா செஷன்னு இழுக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தற்கொலை எண்ணம் இருக்கான்னு நேராவே கேக்கலாம், கேக்கறதால அந்த நினைப்பு புதுசா வந்துடாது.