ஸ்கேன் இருக்கட்டும், தமிழை ஏன் நிறுத்தினீர்கள்?

அக்கா, என் மகனுக்கு 5 வயது. ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு மூளைப் பகுதிகளின் இணைப்பு குறைவு, அதனால்தான் பேசிப் பழக முடியவில்லை என்று படித்தேன். ஈப்போவில் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா? பயிற்சி மையத்தில் ஒரே மொழி போதும் என்றதால் வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் பேசுகிறோம். பாட்டிதான் சொன்னால் கேட்பதில்லை, தமிழிலேயே பேசுகிறார்.
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

தங்கச்சி,

ஸ்கேன் வேண்டாம். வலிப்பு மாதிரி ஏதாவது இருந்து டாக்டரே எடுக்கச் சொன்னால் அது வேறு. நீங்கள் படித்தது பொய்யில்லை, தன்னையும் பிறரையும் பற்றி நினைக்கும்போது சேர்ந்து இயங்கும் பகுதிகளுக்குள் இணைப்பு குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. சில ஆய்வுகள் அதிகம் என்றும் சொல்கின்றன. எல்லாமே பல பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்த சராசரிக் கணக்கு. ஸ்கேனில் தலை கொஞ்சம் அசைந்தாலே தூரத்துப் பகுதிகளின் இணைப்பு குறைந்த மாதிரி தெரியும் என்பதும் 2012-இல் வெளிவந்துவிட்டது. உங்கள் மகன் எப்போது பேசுவான் என்று அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

எனக்குக் கோபம் வந்தது தமிழை நிறுத்தியதில்தான். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் அதனால் பேச்சில் பின்தங்குவதில்லை என்று கனடாவிலும் மற்ற இடங்களிலும் எப்போதோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். இங்கே இன்னும் பழைய பாட்டையே பாடுகிறார்கள், நீங்களும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். நீங்கள் அவனை ஆங்கிலத்திலா கொஞ்சுவீர்கள்? சிட், ஈட், டோன்ட், இவ்வளவுதானே வருகிறது? நீங்களும் வீட்டுக்காரரும் தமிழில் சிரித்துப் பேச, அவனுக்கு மட்டும் கட்டளை. பழக வரவில்லை என்று கவலைப்படுகிற பிள்ளையை வீட்டுப் பேச்சிலிருந்தே வெளியே நிறுத்தினால் அவன் யாரிடம் பழகுவான்?

நான் வளர்ந்த தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் பேசாத பையன் ஒருவன் இருந்தான். பால்வாளி மூடியைச் சிமெண்டுத் தரையில் சுற்றிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பான். ஆயா அதைப் பிடுங்கியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “சுத்துது, சுத்துது, சுத்துது...” என்பார். மூடி விழுந்ததும் சட்டென்று நிறுத்திவிடுவார். அவன் நிமிர்ந்து ஆயாவின் முகத்தைப் பார்ப்பான், மூடியை அவர் கையில் வைப்பான். பிரிட்டனில் 152 பிள்ளைகளை வைத்து நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்ததும் இந்த வழிதான். பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அவன் கவனம் போகும் இடத்துக்குப் போய்ப் பேசப் பழக்கினார்கள். ஏறக்குறைய 6 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அதன் பலன் தெரிந்தது.

அதனால் பாட்டியை வாயடைக்காதீர்கள். அவர் பேசட்டும், பாடட்டும், அவன் பக்கத்திலேயே உட்காரட்டும். நீங்களும் இன்றைக்கே தமிழுக்குத் திரும்புங்கள்.

அப்புறம், ஓகேயு அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, எடுத்துவிட்டீர்களா? பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்புக்குப் போகும்போது உதவும். அரசாங்க ஆஸ்பத்திரியில் பாரத்தை நிரப்பி வாங்கி, சமூகநல இலாகாவில் கொடுங்கள். பயிற்சி மையத்தில் மறுபடி ஒரே மொழி என்றால், எந்த ஆய்வில் இருக்கிறது என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.